மோட்டார் கொட்டகைச் சாவி

இறுதியாண்டு புராஜெக்ட் குழுவில் நான்கு பேர். பெண் நான் ஒருத்திதான். "நீ ரிப்போர்ட் எழுது, வயரிங்க நாங்க பாத்துக்குறோம்" என்றார்கள். இ.இ.இ. படிக்கும் பெண்களுக்கு இது பழகிய வசனம்.

திருவையாறு பக்கம் எங்கள் ஊரில் நடவும் களையெடுப்பும் பெண்களின் வேலை. போர் மோட்டார் கொட்டகைச் சாவி மட்டும் ஆண்களிடம். மும்முனை மின்சாரத்தில் ஒரு ஃபேஸ் போனால் மற்ற இரண்டிலும் மின்னோட்டம் கூடும். சூடேறிக் காயில் கருகும். அதற்குள் மோட்டாரை நிறுத்தும் ரிலேதான் எங்கள் புராஜெக்ட். அதை ஸ்டார்ட்டரில் இணைக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943இல் மின்பொறியியல் முடித்தவர் அ. லலிதா. 18 வயதில் கணவரை இழந்தவர், கைக்குழந்தையின் தாய். ஆண்களுக்கென்றே அச்சான சான்றிதழில் 'அவன்' என்பதை அடித்து 'அவள்' என்று திருத்தித் தந்தார்கள். பின்னாளில் பக்ரா நங்கல் திட்டத்தின் மின்பணிகளில் அவர் பங்கேற்றார்.

வைவாவில் ரிலே பற்றிய கேள்வியைத் தேர்வாளர் பையன்களைப் பார்த்தே கேட்டார். பதில் நான் சொன்னேன். காகிதத்தில் அன்றே திருத்தியாகிவிட்டது. கண்கள் இன்னும் பழைய அச்சையே வாசிக்கின்றன.

அந்தக் குறுவைக்கு அம்மாவுக்கு ஸ்டார்ட்டர் போடக் கற்றுக்கொடுத்தேன். சாவி இப்போது அவள் முந்தானை முடிச்சில்.