துச்சாதனன் வேஷத்தை யார் கட்டுவது?

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். பெல் அடித்தாலும் இந்த டீச்சர் பாடத்தை நிறுத்தமாட்டாள் என்று உங்களுக்குத் தெரியாததா?

போன வாரம் என்னிடம் படித்த ஒருவன் போன் செய்தான். பெயர் வேண்டாம். அவன் செட்டுக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், பரவாயில்லை. சினிமாவில் கூட்டத்தில் ஒருவனாக நின்று நின்று, இப்போதுதான் வசனம் உள்ள வேஷம் வந்திருக்கிறதாம். "ஆனா டீச்சர், சின்னப் பொண்ணுகிட்ட தப்பா நடந்துக்கிற ஆளு வேஷம். அம்மா வேணாம்னு அழுவுறாங்க. என் பொண்ணு ரெண்டாவது படிக்குது. நாளைக்கு அவளை ஸ்கூல்ல விடப்போனா மத்தவங்க எப்படிப் பார்ப்பாங்க? செய்யலாமா, வேணாமா?"

போனில் சொன்னது கொஞ்சம்தான். அதற்கப்புறம் யோசித்தது நிறைய.

செங்கல்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். துகிலுரிதல் இரவு நினைவிருக்கிறதா? துச்சாதனன் கட்டியவர் புடவையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றுவார்கள். திரௌபதி வேஷக்காரர் ஆண்தான், காலையில் டீக்கடையில் பார்த்தவர்தான். ஆனாலும் அந்த நேரத்தில் அவர் அம்மன். வேஷத்துக்காகத்தான் இதைச் செய்கிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று துச்சாதனன் அவரைக் கும்பிட்டுக்கொண்டுதான் ஆட்டத்தைத் தொடருவார். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அசிங்கமாக இருக்கிறது, அந்த இரவை மட்டும் விட்டுவிடுங்கள் என்று எந்த ஊரிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. துச்சாதனன் இல்லாவிட்டால் சபதம் ஏது? சபதம் இல்லாவிட்டால் படுகளத்தன்று அம்மன் கூந்தல் முடிவது ஏது? கெட்டவன் வேஷம் நமக்குப் புதிதல்ல. அதைக் கட்டுவதற்கு ஒரு முறையும் வைத்திருந்தார்கள். செய்வது என்ன என்று கட்டுகிறவருக்குத் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும். யாருக்கு அநியாயம் நடக்கிறதோ அவள்தான் அங்கே சாமி.

சினிமாவுக்கு வருவோம். எங்க வீட்டுப் பிள்ளை 1965-ல் வந்த படம். எங்கள் ஊருக்கு டூரிங் கொட்டகையில் வர இன்னும் நாளானது. நம்பியார் சவுக்கை எடுத்ததும் எங்கள் ஆயா உட்கார்ந்திருந்த மணலையே வாரித் தூற்றினாள். அந்த நம்பியார் நிஜத்தில் வருஷா வருஷம் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போன குருசாமி! எம்.ஜி.ஆர். திரையில் குடிப்பதில்லை, புகைப்பதில்லை என்று வைத்திருந்தார். சிவாஜியோ 1954-ல் அந்த நாள் படத்தில் எதிரி நாட்டுக்கு ரகசியம் விற்கும் துரோகியாக நடித்தார். எம்.ஜி.ஆர். தன் பெயரைக் காத்துக்கொண்டார், சிவாஜி நடிகனின் வேலையைச் செய்தார் என்று எனக்குத் தோன்றும். என் கொழுந்தனார்கள் இரண்டு பேரும் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

வில்லன் வேஷத்தால் பிள்ளைகள் கெட்டு நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் சினிமா விளையாட்டு விளையாடும்போது வில்லனாக இருக்க ஒருத்தனும் ஒத்துக்கொள்ளமாட்டான். கடைசியில் இருப்பதிலேயே சின்னப் பையனைப் பிடிப்பார்கள். அவன் அழுதுகொண்டே வில்லனாவான். கெடுத்தது கதாநாயகன்தான். பெண் வேண்டாம் என்கிறாள். இவன் பின்னாலேயே போகிறான், பஸ்ஸில் பாடுகிறான், வழிமறிக்கிறான். இடைவேளைக்குள் அவள் சிரித்துவிடுகிறாள். எத்தனை படம்! அந்த வேஷத்தைச் செய்யலாமா என்று எந்த நடிகரும் பழைய டீச்சருக்குப் போன் போட்டிருக்கமாட்டார்.

எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு பெண் இருந்தாள். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமம், கணக்கில் நூற்றுக்கு நூறு. பஸ் நிறுத்தத்திலிருந்து தினமும் ஒரு பையன் பாட்டுப் பாடிக்கொண்டு பின்னாலேயே வந்தான். அவன் ஒன்றும் ராட்சசன் இல்லை. பெண் சிரிக்கிறவரை பின்னால் போக வேண்டும் என்று கொட்டகையில் கற்றுக்கொண்டவன். அவள் அப்பா படிப்பை நிறுத்திவிட்டார். மூன்று தடவை வீட்டுக்குப் போய்ப் பேசினேன். ஒவ்வொரு தடவையும் மோர் கொடுத்தார்கள், பெண்ணை மட்டும் அனுப்பவில்லை.

2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். நம்ம பரனூர் மகேந்திரா சிட்டிக்கு வேலைக்கு வர ரயிலுக்குக் காத்திருந்தவள். கைதானவர் விசாரணைக்கு முன்பே சிறையில் இறந்துவிட்டதால் அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் பின்தொடர்வதைக் காதல் என்று காட்டும் படங்களைப் பற்றி அந்த நாட்களில் பலர் வெளிப்படையாகப் பேசினார்கள். எனக்கு என் எட்டாம் வகுப்புப் பெண்தான் கண்முன் வந்தாள்.

அதனால் போனில் அவனிடம் சொன்னேன்: வேஷம் நல்லதா கெட்டதா என்று பார்க்காதே, கதையை முழுக்கக் கேள். அந்தக் குழந்தைக்கு நடப்பதைப் பார்த்து ஜனங்களுக்கு வயிறு கலங்குமா, இல்லை கேமராவும் உன்னோடு சேர்ந்து அவளை வெறித்துப் பார்க்குமா? வயிறு கலங்கும் என்றால் செய். உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன். இப்படிப்பட்டவன் பெரும்பாலும் தெரிந்த ஆளாக, பக்கத்து வீட்டு மாமா மாதிரிதான் இருப்பான் என்று பெற்றவர்களுக்கு யாராவது காட்டத்தான் வேண்டும்.

இன்னொன்றும் கேட்டேன். எதிரில் நடிக்கப்போகிற அந்தக் குழந்தை யார்? அவன் அதை யோசிக்கவே இல்லை. நடிகரின் பெயர் கெடுமா என்றுதான் எல்லாரும் பேசுகிறோம். குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017-ல் கொண்டுவந்த திருத்தப்படி, ஒரு குழந்தையை நடிக்க வைக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பளத்தில் 20 சதவீதமாவது அதன் பெயரில் வங்கியில் போட வேண்டும். இதெல்லாம் சரி. அந்தக் காட்சியை அவளுக்கு என்னவென்று சொல்லி எடுப்பார்கள்? கட் சொன்னதும் அவள் யார் மடியில் போய் உட்காருவாள்? கூத்தில் கற்பூரம் ஏற்றுகிற இடம் சினிமாவில் இதுதான். பதில் தெரியாமல் அட்வான்ஸ் வாங்காதே என்றேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. 2023-ல் மாரி செல்வராஜின் மாமன்னன் வந்தது. அதில் பகத் பாசில் ரத்னவேல் என்ற சாதி வெறியன். தோற்ற நாயை அடித்தே கொல்கிறவன், வடிவேலுவைத் தன் எதிரில் உட்காரவிடாதவன். கதை யார் பக்கம் என்பதில் சந்தேகமே கிடையாது. ஆனாலும் படம் ஓடிடியில் வந்ததும் ரத்னவேல் காட்சிகளை வெட்டி, சாதிப் பாட்டை ஒட்டி, அவனையே ஹீரோவாக்கி வீடியோ போட்டார்கள்.

அதற்காக பகத் பாசில் கொஞ்சம் மட்டமாக நடித்திருக்க வேண்டுமா? மாமல்லபுரம் சுற்றுலாவில் கலங்கரை விளக்கம் பக்கத்து மண்டபத்துக்கு உங்களையெல்லாம் கூட்டிப்போவேனே, மகிஷாசுரமர்த்தினி. சிங்கத்தின் மேல் தேவி வில்லோடு வருகிறாள். எருமைத் தலை அசுரன் கதையை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைச் சாய்த்து நிற்கிறான், இன்னும் ஓடவில்லை. பல்லவச் சிற்பி அசுரனுக்கு உளியைக் குறைத்துப் போடவில்லை. நீங்கள் அவன் முன்னால்தான் அதிக நேரம் நிற்பீர்கள். ஆனால் வெளியே வந்து போட்டோவுக்கு நிற்கச் சொன்னால் எல்லாரும் வில் பிடிப்பீர்கள். பையன்களும்தான்.

அந்த ரத்னவேல் வீடியோவைப் பகிர்ந்தவர்களில் என் மாணவர்கள் இரண்டு பேர். இதையும் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்து 'அ' எழுத வைத்தவள் நான். யார் பக்கத்தில் உட்கார்ந்து சத்துணவு சாப்பிட்டீர்கள், யார் தட்டிலிருந்து முட்டையை எடுத்தீர்கள் என்று பெயர் பெயராக நினைவிருக்கிறது. பகத் பாசிலிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. உங்களிடம் இருக்கிறது. போனில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன், வாங்க.