காகிதத்தில் விழுந்த நீள ஓட்டை

தம்பி,

நீ அனுப்பிய இலக்குத் தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 25 கெஜ தூரம், நீயே அடைத்த 9 எம்.எம். தோட்டாக்கள், ஈயத்தில் வார்த்த குண்டுகள். சில ஓட்டைகள் வட்டமாக இருக்கின்றன. சில, குண்டு பக்கவாட்டில் படுத்துக்கொண்டு நுழைந்ததுபோல நீண்டு கிடக்கின்றன. உங்கள் அமெரிக்க ரேஞ்சுகளில் இதைக் கீஹோல் என்பார்கள். "வெடிமருந்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கட்டுமா பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறாய். கூட்டாதே. என்ன நடந்தது என்று தெரியும் முன்னே எதையாவது மாற்றிப் பார்க்கும் பழக்கம் எந்த வேலையிலும் ஆகாது. வெடிமருந்து வேலையில் அது கையையும் கண்ணையும் கேட்கும்.

முதலில் தாளைச் சந்தேகப்படு. பின்னால் அட்டை இல்லாமல் தளர்ந்து தொங்கும் தாள், குண்டு நேராக வந்தாலும் கோணலாகக் கிழியும். கிழிசலை விரலால் நீவி மூடிப் பார். ஓட்டையின் விளிம்பில் கரியும் ஈய அழுக்கும் படிந்த ஒரு கறுப்பு வளையம் இருக்கும். குண்டு தன் உடம்பைத் துடைத்துவிட்டுப் போன தடம் அது. வளையம் வட்டமானால் குண்டு நேராகத்தான் வந்திருக்கிறது, கிழிந்தது தாள். வளையமே நீண்டிருந்தால் குண்டு சாய்ந்து வந்திருக்கிறது. உன் தாளில் வளையமே நீண்டிருக்கிறது. ஆகவே குறை உண்மையான குறைதான்.

காகிதத்தை இப்படிக் கேள்வி கேட்டவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஃபிராங்க்ளின் மான். மாசசூசெட்ஸ் மாநிலம் மில்ஃபோர்டைச் சேர்ந்த மருத்துவர். கோழித் தீவனத்துக்காக எலும்பு வெட்டும் இயந்திரம் செய்து சம்பாதித்த பணத்தைக் குண்டு பறக்கும் விதத்தை ஆராய்வதில் செலவழித்தார். குண்டு போகும் வழி நெடுக மெல்லிய தாள்களை வரிசையாக நிறுத்திச் சுட்டு, ஒவ்வொரு தாளிலும் அது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்து சென்றது என்று பார்த்தார். குண்டுகளை வேண்டுமென்றே காயப்படுத்தியும் சுட்டார். மூக்கு சிதைந்த குண்டு பெரும்பாலும் ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. அடிப்பாகம் சிதைந்ததுதான் வழி தவறியது. குழலை விட்டு வெளியேறும் கணத்தில் பின்னாலிருந்து தள்ளும் வாயு, பழுதான அடியின் ஒரு பக்கத்தில் முந்திக்கொண்டு பீறிட்டு, குண்டைச் சாய்த்துவிடுகிறது. குழல் வாயின் விளிம்பு நசுங்கியிருந்தாலும் இதே கதைதான். அவருடைய புத்தகம் 1909-இல் வெளிவந்தது. பார்த்தால் பளிச்சென்று தெரியும் குறையைவிட, கண்ணுக்குப் படாமல் அடியில் இருக்கும் குறையே கெடுதல் செய்யும் என்று ஊகமாக அல்ல, தாளில் காட்டி நிறுவினார் அந்த மனிதர். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். நீயும் மதிக்க வேண்டும்.

சாய்வதற்கு இன்னொரு பெரிய காரணம் சுழற்சிக் குறைவு. வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுவதுபோல, போதாத சுழற்சியோடு போகும் குண்டும் தலையாட்டிக் கவிழும். நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். 1879-இல் ஜார்ஜ் கிரீன்ஹில் இதற்கு ஒரு சூத்திரமே தந்தார். எம்16 துப்பாக்கியின் வரலாற்றைப் பார். தொடக்கத்தில் குழலின் மரை, அதாவது குண்டைச் சுழற்றும் உட்புற வரிப்பள்ளம், 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கடுங்குளிரின் அடர்ந்த காற்றில் அது போதவில்லை என்று 12 அங்குலமாக்கினார்கள். எண்பதுகளில் எம்855 என்ற நீண்ட குண்டு வந்தபோது, புதிய துப்பாக்கிகளுக்கு 7 அங்குல மரை கொடுத்தார்கள். அந்தக் குண்டைப் பழைய 12 அங்குலக் குழலில் சுட்டால் தாளில் நீள ஓட்டைதான். துப்பாக்கியிலும் பழுதில்லை, தோட்டாவிலும் பழுதில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். வேலையிடத்திலும் குடும்பத்திலும் எத்தனையோ சண்டைகள் இப்படித்தான் என்பது என் எண்ணம். யார் குற்றம் என்று தேடியே காலம் போய்விடுகிறது.

உன் 9 எம்.எம்.முக்கு இந்தச் சுழற்சிக் கணக்கு பொருந்தாது. அதன் குட்டைக் குண்டுக்கு அதன் குழலில் உள்ள மரையே தாராளம். எனக்குப் படுவது வேறு. செம்பு உறையிட்ட குண்டு 0.355 அங்குலம், வார்த்த ஈயக் குண்டு அதைவிடச் சற்றுப் பருமனாக, 0.356 முதல் 0.358 வரை இருக்க வேண்டும். நீ பெட்டியிலிருந்து எடுத்து அளந்தபோது சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் 9 எம்.எம். பித்தளைக் குப்பியின் சுவர் உள்ளே போகப் போகத் தடிக்கும். உறைக் குண்டுக்கான சிறிய ஆணியால் வாயை விரித்து, மெத்தென்ற ஈயக் குண்டை ஆழமாக இறக்கி, கடைசியில் குப்பியின் வாயை இறுக்கும் கிரிம்ப்பையும் அழுத்திப் போட்டால், குப்பியே குண்டின் இடுப்பைப் பிழிந்துவிடும். மெலிந்த குண்டு மரையைப் பற்றாமல் வழுக்கும், சூடான வாயு பக்கவாட்டில் ஒழுகி ஈயத்தை உருக்கிக் குழலில் பூசும், அடுத்து வரும் குண்டு அதைவிட மோசமாகப் போகும். முதலில் வட்டமாகவும் போகப் போக நீளமாகவும் ஓட்டைகள் விழுந்தனவா என்று நினைவுபடுத்திப் பார்.

ஆகவே, அடைத்து முடித்த தோட்டா ஒன்றிலிருந்து குண்டை இழுத்தெடுத்து மைக்ரோமீட்டரில் அள. துப்பாக்கி காலி என்று இருமுறை பார்த்துவிட்டுக் குழலைக் கழற்றி, எண்ணெய் தடவி, மெத்தென்ற ஈயத் துண்டொன்றை உள்ளே தட்டி வெளியே எடுத்து அதையும் அள. இழுத்த குண்டு அந்தத் துண்டைவிட மெலிந்திருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அதன் பிறகும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்று: ஆணியையோ, கிரிம்ப்பையோ, குண்டின் பருமனையோ. மூன்றையும் ஒரே நாளில் மாற்றி ஓட்டை வட்டமாகிவிட்டால் சந்தோஷம் மிஞ்சும், அறிவு மிஞ்சாது. மாற்றியதை நோட்டில் எழுதித் தேதி போடு.

கடைசியாக, இதைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னாலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கோணல் ஓட்டையைவிட ஆபத்தானது, விழாத ஓட்டை. சத்தம் 'பொத்' என்று அமுங்கி, தாளில் புதிதாக எதுவும் விழவில்லை என்றால், மருந்து விழாத தோட்டாவின் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கக்கூடும். அடுத்த தோட்டாவின் குண்டு அதன் மேல் மோதினால் குழல் வெடிக்கக்கூடும். அந்த இடத்திலேயே நிறுத்து. வாயை இலக்கை நோக்கியே வைத்துச் சற்றுப் பொறு, தோட்டாக்களை எல்லாம் வெளியே எடு, குழலைப் பிரித்து வெளிச்சத்தில் பார். பக்கத்தில் யார் அவசரப்படுத்தினாலும் சரி.

இரண்டு அளவுகளையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. அதுவரை அந்தத் தோட்டாப் பெட்டி மூடியே இருக்கட்டும்.

அன்புடன்,
பெரியப்பா