கொடிக்குள் புகுந்த ஓர் 'அல்லது'

பிரெஞ்சில் கொடிக்கு 'த்ரப்போ' என்று பெயர். துணிக்கு 'த்ரா'. துணியிலிருந்துதான் கொடி என்ற சொல்லே பிறந்தது என்று புதுச்சேரியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் சொல்லித் தந்தார். நமக்குக் கொடி என்றால் பந்தலில் படர்வதும் நினைவுக்கு வரும், அவர்களுக்கு ஜவுளிக்கடைதான். எழுபது தாண்டிய வயதில், மகள் வீட்டோடு சாமல்பட்டியில் இருந்துகொண்டு இதை நான் அசைபோடக் காரணம், ஆகஸ்ட் பிறந்தால் தெருவெங்கும் பறக்கும் பாலியஸ்டர் கொடிகள்.

நான் புதுவை அரசில் குமாஸ்தாவாக இருந்தவன். ஸ்டோர்ஸ் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டினேன். காகிதம், கார்பன், துடைப்பம் எது வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலை போட்டவருக்கே ஆர்டர். கொடிக்கு மட்டும் அந்த வழக்கம் இல்லை. கையால் நூற்று, கையால் நெய்த கதரில்தான் தேசியக் கொடி இருக்க வேண்டும் என்பது விதி. இந்தியத் தர நிர்ணயங்களில் முதல் எண்ணே, ஐ.எஸ். 1, தேசியக் கொடிக்கு உரியது. ஒன்பது அளவுகள், 3-க்கு 2 என்ற விகிதம், சக்கரத்தில் 24 ஆரங்கள், நூல், சாயம் என்று ஒன்று விடாமல் வரையறுத்திருப்பார்கள். கதர்க் கடையில் வாங்கி வந்து பில்லை வைத்தால் போதும். 'விலை ஏன் அதிகம்?' என்று ஆடிட்காரர்கூடக் கேட்டதில்லை.

அந்தக் கேள்வி வராததால் சோறு தின்றவர்கள் உண்டு. கர்நாடகத்தில் ஹூப்ளி நகரத்துப் பெங்கேரியில், 1957-ல் தொடங்கிய கதர் கிராமத் தொழில் கூட்டுச் சங்கம் ஒன்று இருக்கிறது. 2006 முதல் தர முத்திரை பெற்ற கொடிகளைச் செய்து வருகிறது. பாகல்கோட் பக்கம் நெய்த துணி அங்கே வந்து, சாயமேறி, அளவுக்கு வெட்டி, சக்கரம் அச்சாகித் தைக்கப்படுகிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

2021 டிசம்பர் 30-ல் கொடிச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. கைநூல், கைநெசவு என்று இருந்த இடத்தில், 'அல்லது இயந்திரத்தில் செய்தது' என்று சேர்த்தார்கள். துணிகளின் பட்டியலில் பாலியஸ்டரும் ஏறியது. கதரை யாரும் தடை செய்யவில்லை. ஆனால் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவைக் கேளுங்கள், அந்த 'அல்லது' என்ன செய்யும் என்று சொல்வான். அது வந்த மறுநிமிஷமே மூன்று கொட்டேஷன் வழக்கம் திரும்பி வந்துவிடும். குறைந்த விலை மில்லுடையதுதான். யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்ய வேண்டியதில்லை. ஃபைல் தானாகவே அந்தப் பக்கம் நகரும். அடுத்த ஆகஸ்டில் வீடுதோறும் கொடி ஏற்றச் சொன்னார்கள். தபாலாபீஸில் கொடி 25 ரூபாய்க்குக் கிடைத்தது. சூரத் மில்களுக்கு இரவு பகலாக ஓட்டம். பெங்கேரியில் ஆர்டர் குறைந்தது; தொழிலாளர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பாட்டி, தன் ஓட்டு வீட்டில் மூங்கில் கட்டிக் கொடி ஏற்றினார். கதர் விலைக்கு அது நடந்திருக்காது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு பாலியஸ்டரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் நான் துணி ஊர்க்காரன். புதுச்சேரியின் நீலத்துணி ஒரு காலத்தில் கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் மில் தொழிலாளர் 12 பேர் செத்தார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் எட்டு மணி நேர வேலை வந்தது. என் பெரியப்பா ரோடியர் மில்காரர். 1954 நவம்பரில் நீலம்-வெள்ளை-சிவப்பு இறங்கி நம் மூவர்ணம் ஏறியது. மில் சங்கு மட்டும் அதே நேரத்துக்கு ஊதிக்கொண்டிருந்தது. 2020-ல் அந்த மில்லையும் மூடினார்கள். கொடி நம்முடையது, சங்குதான் இல்லை.

அமெரிக்காவில் நேர் எதிராகப் போனார்கள். அரசு வாங்கும் தேசியக் கொடி முழுக்க முழுக்க உள்நாட்டிலேயே தயாராக வேண்டும் என்று 2024-ல் சட்டம் போட்டார்கள். உலகத்துக்கே சந்தையைத் திறக்கச் சொன்னவர்கள்!

இங்கே விடிகாலையில் ஓசூருக்கும் போச்சம்பள்ளிக்கும் கம்பெனி பஸ்கள் போகின்றன. பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதில் ஒன்றில் போகிறாள். சம்பளம் தருவது காண்ட்ராக்டர். சுதந்திர தினத்தன்று கம்பெனி வாசலில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்களாம். "ஆனா தாத்தா, நாங்க அந்தக் கம்பெனி ஆளுங்க இல்லையே" என்றாள், சிரித்துக்கொண்டே. பெங்கேரிக்காரிகளுக்கு இருந்த அந்த ஒரு வரிப் பாதுகாப்பு இவளுக்கு எப்போதுமே இருந்ததில்லை.

பாட்டியின் மூங்கிலில் பாலியஸ்டர் பறக்கட்டும். அரசுக் கட்டடங்களுக்காவது பழைய விதி போதும். அதற்கான குறிப்பைப் பழக்க தோஷத்தில் நோட்டில் எழுதியே வைத்திருக்கிறேன்: 'பார்வை: ஐ.எஸ். 1. அலுவலகக் கட்டடங்களுக்கான தேசியக் கொடிகளை, கொட்டேஷன் கோராமல், கதரிலேயே கொள்முதல் செய்யலாம். உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.'