துடுப்பில் தொடங்கிய துறை

கடலூர் மாவட்டத்தில் ஆறுகளுக்குக் குறைவில்லை. வடக்கே தென்பெண்ணை, நகருக்குள் கெடிலம், பழைய நகரையொட்டிப் பரவனாறும் உப்பனாறும், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, தெற்கெல்லையில் கொள்ளிடம் என்று அறுபது கிலோமீட்டருக்கும் குறைவான கடற்கரையில் இத்தனையும் வந்து கடலைத் தொடுகின்றன. இருந்தும் படகில் போவது என்றால் இங்குள்ளவர்களுக்கு நினைவில் வருவது ஒரே இடம்தான்: சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் பிச்சாவரம் படகுக் குழாம். அதை மேம்படுத்துவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் புதிய கட்டடங்கள், விசைப்படகுகள், மிதக்கும் உணவகம், ஆண்டுக்கொரு படகுத் திருவிழா என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எது அந்த இடத்துக்குப் பொருந்தும் என்று கேட்டால், முதலில் இன்னொரு கேள்விக்கு விடை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இந்தப் படகுக் குழாம் எதிலிருந்து முளைத்தது? கோயில் விழாவிலிருந்து வந்ததா, வெள்ளைக்காரர்களின் படகுக் கழகத்திலிருந்தா, சினிமாவிலிருந்தா, அரசின் சுற்றுலாத் திட்டத்திலிருந்தா? எந்த வேரில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் எந்த உரம் போடலாம் என்று சொல்ல முடியும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் கோயில். நீரும் திருவிழாவும் சேர்ந்த மரபு இந்த மாவட்டத்தில் இன்றும் வலுவாக இருக்கிறது. தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் ஆற்றுத் திருவிழா நடக்கிறது. சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து சாமிகள் ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி காண்கின்றன. சுருளிக்கிழங்கு வாங்காமல் வீடு திரும்புகிறவர்கள் குறைவு. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைக்கே தீர்த்தவாரிக்கு வருகிறார். வழியில் தர்காவைச் சேர்ந்த இஸ்லாமியர்கள் அவரை வரவேற்பது நெடுநாள் வழக்கம். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ள, அந்தக் கல்லே தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரைசேர்த்தது என்ற கதை நடந்ததும் இந்த மாவட்டத்தில்தான். ஆனால் இந்த விழாக்களை உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். எதிலும் படகோட்டம் இல்லை. தீர்த்தவாரி என்பது நீராட்டு. தெப்பம் குளத்தில் வலம் வரும். அதைக் கயிறு கட்டி இழுப்பார்கள், அல்லது கழியூன்றித் தள்ளுவார்கள். வேகம் அங்கே யாருக்கும் வேண்டாம். ஆற்றுத் திருவிழாவோ பெரும்பாலும் ஆற்று மணலில் நடப்பது. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் வடிந்து, மணல் திட்டுகள் வெளியே வந்து, ஓரமாக நீர் ஓடும் காலம் தை. கூட்டம் ஆற்றுக்குள்ளேயே நடந்து போகலாம் என்பதால்தான் அந்த நாளில் அந்த விழா சாத்தியமாகிறது. ஆகவே கோயில் நமக்கு விழாவைத் தந்தது, துடுப்பைத் தரவில்லை.

கேரளத்தில் மட்டும் எப்படி என்று கேட்கலாம். ஆரன்முளையிலும் சம்பக்குளத்திலும் வள்ளங்களி கோயிலோடு பிணைந்தே வளர்ந்தது. 1952இல் நேரு ஆலப்புழைக்கு வந்ததை ஒட்டித் தொடங்கிய நேரு கோப்பைப் போட்டி அந்த மரபை உலகறியச் செய்தது. அதே கோயில் மரபு உள்ள கடலூரில் ஏன் சுண்டன் வள்ளம் போல ஒன்று உருவாகவில்லை? பண்பாட்டில் குறை தேட வேண்டியதில்லை. காரணம் நீரியலில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்து ஆறுகளையும் காயல்களையும் ஆனியிலிருந்து ஆவணி வரை நிறைத்து வைக்கிறது. அறுவடையும் ஓணமும் அதோடு ஒத்து வருகின்றன. நூறு பேர் துழாவும் நீண்ட வள்ளத்துக்கு ஆழமும் அகலமும் நிதானமும் உள்ள நீர் வேண்டும். சோழமண்டலக் கரையின் ஆறுகளில் நீர் வருவது ஐப்பசி, கார்த்திகையில். வரும்போது வெள்ளமாக, பல ஆண்டுகளில் புயலோடு சேர்ந்து வரும். மீதி மாதங்களில் மணல். விழாவுக்கான நீரும் விழாவுக்கான நிதானமும் ஒரே சமயத்தில் இங்கே அமைவதில்லை. தமிழகத்திலேயே படகுப் போட்டி வேர் பிடித்த இடம் தொண்டிப் பக்கத்துப் பாக் நீரிணைக் கரை. அங்கே கடல் அமைதியானது, போட்டியும் பாய்மரத்தில் நடப்பது. நீரின் குணம்தான் விழாவின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்து ஆங்கிலேயர். படகுக் குழாம் என்ற அமைப்பு, அதாவது கரையில் ஒரு கட்டடம், அதில் வரிசையாகப் படகுகள், பொழுதுபோக்குக்காகத் துழாவுகிறவர்கள் என்ற ஏற்பாடு, அவர்களிடமிருந்துதான் வந்தது. சென்னைப் படகுக் கழகம் 1867இல் தொடங்கியது. கொழும்புக் கழகத்தோடு அதற்கு 1898 முதல் போட்டி உண்டு. கொடைக்கானலில் 1863இல் லெவிஞ்ச் என்ற அதிகாரி ஏரியை உருவாக்கினார், 1890இல் படகுக் கழகம் வந்தது, 1932இல் அது பொதுமக்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் திறந்துவிடப்பட்டது. இன்று தமிழகச் சுற்றுலாத் தலங்களில் நாம் காணும் படகுக் குழாம்களுக்கு அந்த மலை ஏரிகளே முன்மாதிரி. ஆனால் கடலூரோ சென்னைக்கு இணையான ஆங்கிலேயத் தொன்மை உள்ள ஊர். தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் வாங்கியது. சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்த 1746 முதல் 1752 வரை தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடமே அதுதான். கெடிலக் கழிமுகத்தின் பக்கத்திலேயே கோட்டை. அப்படியிருந்தும் கழகப் பண்பாடு இங்கே ஊன்றவில்லை. அது வளர்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதிகாரம் சென்னைக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஆங்கிலேயர் இந்தக் கரையில் படகைக் கண்டது வேறு விதத்தில்: கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் தொலைவில் நங்கூரமிட, ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளிலும் கட்டுமரங்களிலும் உள்ளூர்க்காரர்கள் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். துழாவுவது இங்கே கூலிக்கான வேலை. வேலையாக இருந்ததை விளையாட்டாக மாற்றிப் பார்க்க யாருக்கும் ஓய்வும் இல்லை, தேவையும் இல்லை.

மூன்றாவதாக, பலரும் சொல்லும் பதில் சினிமா. 1975இல் வெளிவந்த எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ பிச்சாவரத்துக் கால்வாய்களைத் திரையில் காட்டியது. பின்னாளில் ‘தசாவதாரம்’, ‘துப்பறிவாளன்’ வரை பல படங்கள் அங்கே வந்தன. படம் கூட்டத்தைக் கொண்டுவந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விளம்பரத்தைத் தோற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேமராவை ஏற்றிக்கொண்டு வேர்களுக்கிடையே நுழைந்து, மூடிக்கிடக்கும் கால்வாயிலிருந்து சரியான வழியில் திரும்பி வரத் தெரிந்தவர்கள் முன்பே அங்கு இருந்திருக்காவிட்டால் எந்தப் படப்பிடிப்பும் நடந்திருக்காது. அரசு பற்றியும் இதையே சொல்லலாம். 1971இல் உருவான தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் துறை கட்டியது, சீட்டு கொடுத்தது, பாதுகாப்பு அங்கி தந்தது, ஒழுங்கைக் கொண்டுவந்தது. இவையெல்லாம் தேவையானவைதான். ஆனால் முட்டுக்காட்டில் ஒரு கழிமுகத்தைத் தேர்ந்து படகுகளைக் கொண்டுவந்து இறக்கியது போன்ற காரியமல்ல இது. பிச்சாவரத்தில் படகோட்டும் திறமை ஏற்கெனவே இருந்தது. அரசு அதற்கு ஒரு முகவரி கொடுத்தது.

அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்பதில்தான் என் தேடல் முடிகிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் இந்த அலையாத்திக் காட்டில் நீரின் ஆழம் சில இடங்களில் ஓரடி, சில இடங்களில் பத்தடி. ஓதம் ஏறி இறங்குவதும் ஒரு மீட்டருக்குள்தான். காலையில் போன வழி மாலையில் சேறாக இருக்கலாம். சுரபுன்னையின் ஊன்றுவேர்கள் இருபுறமும் வளைந்து இறங்க, பல கால்வாய்கள் ஒரு சிறு படகின் அகலம்தான் இருக்கும். கிள்ளையையும் சுற்றியுள்ள குப்பங்களையும் சேர்ந்த மீனவர்கள் தலைமுறைகளாக இதற்குள் மீனும் நண்டும் இறாலும் பிடித்தவர்கள். இருளர்கள் கழுத்தளவு நீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வேரடியில் கையால் தடவியே இறால் எடுப்பவர்கள். எந்த வளைவில் சேறு, எந்த ஓதத்துக்கு எந்த வாய்க்கால் திறக்கும், தில்லை மரத்தின் பால் கண்ணில் படாமல் கிளையை எப்படி ஒதுக்குவது என்ற அறிவு இந்தப் பிழைப்பில் சேர்ந்தது. சுற்றுலாப் பயணி இன்று காசு கொடுத்து வாங்குவது இந்த அறிவைத்தான். படகு அதைச் சுமந்து வரும் பாத்திரம். பிச்சாவரம் படகுக் குழாம் கோயிலின் பிள்ளையும் அல்ல, கழகத்தின் பிள்ளையும் அல்ல, உழைப்பின் பிள்ளை என்று நான் சொல்வது இதனால்தான்.

காடும் இதே பாடத்தையே சொல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், எழுபதுகள் வரை, பிச்சாவரத்துக் காடு பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டப்பட்டது. வெட்டிய நிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து பள்ளமானது. ஓதத்தில் உள்ளே வந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பேறி, எதுவும் முளைக்காத மண்ணாயிற்று. தொண்ணூறுகளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓத நீர் வந்து போக வழி செய்தபின் கன்றுகள் பிடித்தன. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு காடு மீண்டும் பரவியதைக் காட்டியது. கான்சாகிப் வாய்க்காலும் ஆறுகளும் கொண்டுவரும் நன்னீரும் இதற்குத் துணை. அதாவது இந்தக் காட்டின் உயிர் சிறு வாய்க்கால்களில் இருக்கிறது; அவற்றில் போகக்கூடிய ஊர்தி துடுப்புப் படகு ஒன்றுதான். 2022இல் சுமார் 1,478 ஹெக்டேர் பரப்பு ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

துடுப்புப் படகே இங்கு முதன்மை என்பதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் முதலாவது விசைப்படகு பற்றியது. முதியவர்களும் நேரம் குறைந்தவர்களும் பார்க்க வேண்டாமா, வருவாய் கூட வேண்டாமா என்கிறார்கள். அகன்ற நீரில், எம்.ஜி.ஆர். திட்டுப் பக்கம் போகும் வழியில், விசைப்படகு இருக்கட்டும். குறுகிய கால்வாயில் அதன் அலை கரைச் சேற்றைக் கரைக்கும், அதன் ஓசை பறவைகளை விரட்டும். ஒரு விசைப்படகு எத்தனை துடுப்புக்காரர்களின் இடத்தைப் பிடிக்கிறது என்ற கணக்கைப் போடாமல் வருவாய் கூடியது என்று சொல்வதும் சரியாகாது. இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது: வெயிலில் முதுகு வளைந்து துழாவுவதைப் போற்றுவது எளிது, துழாவுகிறவனுக்குத்தான் அதன் வலி தெரியும். உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து அந்த வேலையை ஒழிப்பதில் இல்லை. பயணக் கட்டணத்தில் நியாயமான பங்கு, காப்பீடு, மழைக்காலத்தில் துறை மூடப்படும் நாட்களுக்கு உதவித்தொகை, நிழலும் கழிப்பறையும் உள்ள ஓய்விடம் ஆகியவைதான் மருந்து. மேம்பாட்டுப் பணத்தின் முதல் செலவு இவற்றுக்கே போக வேண்டும்.

மூன்றாவது, படகோட்டத்தைப் போட்டி விளையாட்டாகவே இங்கு வளர்க்கலாமே என்பது. சர்வதேசப் பந்தயத்துக்கு 2,000 மீட்டர் நேரான நீர்ப்பரப்பு வேண்டும். பிச்சாவரத்தின் அழகு வளைவுகளில் இருக்கிறது. நேராக்கினால் அது பிச்சாவரமாக இருக்காது. கடலூரின் உப்பனாற்றுக்கு மீன்பிடித் துறைமுகமும் சிப்காட் தொழிற்சாலைகளும் அண்டை வீடுகள்; அந்த நீரைத் தூய்மையாக்காமல் அங்கே விழா நடத்துவது நோயாளிக்குப் பட்டுடுத்துவது போல. புதிய கட்டடங்கள் என்ற யோசனைக்கும் இந்தக் கரையிலேயே பதில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை கடலோர மணல் திட்டில் இருந்த குடியிருப்புகளை அழித்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததைக் கடலூர்க் கரையில் நடந்த ஆய்வுகள் பதிவுசெய்தன. காட்டால் மட்டும்தானா, நிலத்தின் உயரத்தாலும் தொலைவாலுமா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். எந்தத் தரப்பை ஏற்றாலும் கடல் ஓரத்தில் புதிதாகக் கட்டடம் எழுப்பச் சொல்லும் தரப்பு அதில் இல்லை.

படகுத் திருவிழா வேண்டாம் என்பதா இதன் முடிவு? இல்லை, வேண்டும், ஆனால் அதன் வேருக்கு ஏற்றபடி வேண்டும். வெள்ளம் வடிந்து கழியில் நீர் நிதானமாக இருக்கும் மாசியில், மகத்தன்று பல்லாயிரம் பேர் ஏற்கெனவே கிள்ளைக்கு வருகிறார்கள். விழாவுக்குக் கூட்டத்தைப் புதிதாகத் திரட்ட வேண்டிய அவசியமே இல்லை. போட்டி வைப்பதானால் துடுப்புக்காரர்களின் வேகத்தையும் வழியறிவையும் சோதிக்கும் போட்டியாக, அகன்ற நீர்ப்பரப்பில், அவர்களே நடுவர்களாக இருந்து நடத்தட்டும். குறுகிய கால்வாய்கள் அன்று காலியாகக் கிடக்கட்டும். குழாமின் நிர்வாகத்தில் அவர்களுக்கு வாக்குள்ள இடம் கொடுக்கட்டும். கோயில் தந்த நாள், அரசு தந்த துறை, சினிமா தந்த புகழ் மூன்றும் அப்போது ஒரு காரியத்துக்குப் பயன்படும். துழாவத் தெரிந்தவர் வேறு வேலை தேடிப் போய்விட்டால் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு கரையில் நின்று காட்டைப் பார்க்கலாம். உள்ளே போக முடியாது.