தலைமன்னாரிலிருந்து மேலே

கந்தப்பளை
2024 ஜூலை

அன்பின் மகளுக்கு,

பிள்ளைகளுக்கு எங்கே போவதென்றாலும் விருப்பமில்லை, போனும் கையுமாகவே இருக்குதுகள் என்று நீ அன்றைக்குக் கவலைப்பட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

வேன் பிடித்து, பின்சீட்டில் உட்கார வைத்து, ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டால் அதுகள் வேறு என்ன செய்யும்? அப்பா உங்களை அப்படிக் கூட்டிப்போனதில்லை. நானுஓயாவில் மூன்றாம் வகுப்பில் ஏறினால் டிக்கட் அண்ணன் கையில், தண்ணீர்ப் போத்தல் உன் கையில். அடுத்த ஸ்டேசன் எதுவென்று அப்பா சொல்லமாட்டார். அம்பேவெல, பட்டிப்பொல, ஓஹிய என்று நீதான் எழுத்துக்கூட்டிச் சொல்லவேண்டும். இந்த நாட்டிலேயே உயரத்தில் இருக்கிற ஸ்டேசன் பட்டிப்பொல என்பதை நீ ஜன்னலோரத்தில்தான் தெரிந்துகொண்டாய். அதைத் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் பெட்டியே சேர்ந்து கத்தும். இந்தப் பக்கம் தூறல் என்றால் அந்தப் பக்கம் ஊவா வெயில் காயும். வெளியே வந்ததும் நீ கையை நீட்டி நீட்டிப் பார்ப்பாய்.

ஒரு நாள் மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். அது தெரிந்துதான் அப்பா உங்களைக் கூட்டிப்போனார். காசை ரயிலில் கொட்டுகிறான் என்று லயத்தில் பேசினார்கள், எனக்கும் காதில் விழுந்தது. அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது மகள். நம்ம மலையக ஆட்களை எப்போதும் வேறு யாரோதான் கொண்டுபோனார்கள் என்பார். தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து கங்காணி கூட்டிவந்தான். தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். பிறகு 1964இல் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு, அதே தலைமன்னாரில் குடும்பம் குடும்பமாக இராமேஸ்வரம் கப்பலில் ஏற்றினார்கள். என் சின்னம்மா குடும்பம் அப்படித்தான் போனது. நம்ம பிள்ளைகளாவது ஆசைப்பட்டு டிக்கட் எடுத்து, ஆசைப்பட்ட ஊரில் இறங்கி, திரும்பி வரட்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

கந்தப்பளைக்கே ஒரு காலத்தில் ரயில் வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரைக்கும் இரண்டரை அடிப் பாதை. 1904இல் ஓடத் தொடங்கியது, 1940களில் நிறுத்திவிட்டார்கள். ஹெதர்செட் பழைய பெக்டரி இப்போது ஹோட்டல் அல்லவா, அங்கே அந்த மாதிரி ஒரு பெட்டி நிற்கிறது. வந்தால் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஆனால் ஆகஸ்ட் லீவுக்கு நேராக இங்கே வரவேண்டாம். கொழும்பில் மன்னார் பஸ் ஏறி, முதலில் தலைமன்னாருக்குப் போங்கள். பிள்ளைகள் அந்தக் கடலைப் பார்க்கட்டும். நாம் வந்து 200 வருஷமானதை நினைத்துப் போன வருஷம் ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரைக்கும் நம்ம ஆட்கள் அங்கிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்களே, அதே வழியில் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று பஸ் மாறி மாறி வாருங்கள். இங்கே நம்ம பாட்டன் பூட்டன் நடந்தார்கள் என்று ஒரு தடவை சொன்னால் போதும். பாடம் நடத்தாதே. அதுகளாகக் கேட்கும்போது சொல். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் நான் நிற்பேன், அங்கிருந்து ஒன்றாக மேலே வருவோம்.

மருமகனுக்கு லீவு கிடைக்காவிட்டாலும் நீங்கள் மூன்று பேரும் புறப்படுங்கள். டிக்கட்டும் மிச்சக் காசும் பெரியவன் வைத்திருக்கட்டும். பலகையில் வருகிற ஊர்ப்பெயர்களைச் சின்னவள் கொப்பியில் எழுதட்டும். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போ, கடையில் வாங்கிக் கொடுக்காதே. மன்னார் வெயிலை நினைத்து ஸ்வெட்டரை விட்டுவிடாதே, இங்கே ஆகஸ்டில் மழையும் குளிருமாக இருக்கும்.

எந்த நாள் என்று எழுது. நான் மாத்தளைக்கு முதல் நாளே வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
அம்மா