தம்பிக்கு ஒரு புத்தகம்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் ஏழாம் வகுப்பு பயிலும் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய தம்பிக்கு வயது நான்கு. மதுரையிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் அவன் இந்தியிலேயே விடை கூறுவான். பாட்டிக்கு அது விளங்காது. நாளடைவில் அவனைப் பேச அழைப்பதையே பாட்டி குறைத்துக்கொண்டார்.

இதைக் கண்டு வருந்திய சிறுமி, தமிழ்க் கதைநூல் ஒன்றை எடுத்துத் தம்பிக்குப் படித்துக் காட்டினாள். அதில் எழுத்துகள் மிகுதி, படங்கள் குறைவு. இரண்டாம் பக்கத்திலேயே அவன் எழுந்து ஓடிவிட்டான்.

பின்னர், புத்தகக் கண்காட்சியில் அவள் நிதானமாகத் தேடினாள். 1957இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், ஒரே படக்கதையைப் பல இந்திய மொழிகளில் வெளியிடுவதுண்டு. தம்பி இந்தியில் கேட்டு மகிழ்ந்த கதையொன்றின் தமிழ்ப் பதிப்பு அங்குக் கிடைத்தது. பக்கத்திற்கு ஓரிரு வரிகள், மீண்டும் மீண்டும் வரும் ஒரு தொடர், பெரிய படங்கள். ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். நாவில் தடையின்றி வந்தது.

கதை முன்பே தெரிந்திருந்ததால், புதிய சொற்களின் பொருளைப் படங்களே அவனுக்கு உணர்த்தின. மூன்றாம் இரவில், திரும்ப வரும் தொடரை அக்காவை முந்திக்கொண்டு அவனே சொன்னான்.

ஞாயிறன்று பாட்டி அழைத்தார். தம்பி புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, “பாட்டி, யானை வந்துச்சு!” என்றான்.

மறுமுனை ஒரு கணம் அமைதியாயிற்று. பிறகு, “அப்புறம் என்ன ஆச்சு, ராசா?” என்று கேட்டார் பாட்டி.

சிந்தித்து எழுதுக: சிறுமி முதலில் எடுத்த நூல் தம்பிக்கு ஏன் பொருந்தவில்லை?