உலையும் வரைபடமும்

19-ஆம் நூற்றாண்டில் இரும்புத் தொழிலில் ஈடுபட்டிருந்தோர், தங்கள் ஊதுலைகளின் உச்சியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு ஏராளமாக வெளியேறி வீணாவதைக் கண்டு, தாதுவோடு அவ்வாயு கலந்து வினைபுரியப் போதிய அவகாசம் இல்லாமையே அதற்குக் காரணமென்று எண்ணி, உலைகளை மேன்மேலும் உயர்த்திக் கட்டினார்கள். 100 அடியளவுக்கு உயர்த்தியும் வெளியேறும் வாயுவின் விகிதம் மாறவில்லை. அந்த வினை முற்றுப்பெறும் இயல்புடையதன்று, ஒரு விகிதத்தை எட்டியதும் சமநிலை எய்தி நின்றுவிடும் என்று லெ ஷாட்டெலியே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1888-இல் சுட்டிக்காட்டினார். காகிதத்தின்மேல் போடும் கணக்கு எவ்வளவு பொருட்செலவைத் தடுக்க வல்லது என்பதற்கு, உலோக ஆக்ஸைடுகளை ஒடுக்குவதையே தொழிலாகக் கொண்ட நான் இதைவிடச் சிறந்த சான்றை அறியேன்.

அத்தகைய கணக்கின் உருவமே இன்று எங்கள் ஆய்வுக்கூடச் சுவர்களில் தொங்கும் வரைபடம்; 1944-இல் எல்லிங்கம் என்னும் அறிஞர் வெளியிட்டது. பிராணவாயுவின் ஒரு மோலோடு ஒவ்வோர் உலோகமும் சேரும்போது நிகழும் கட்டிலா ஆற்றல் மாற்றத்தை உஷ்ணநிலைக்கு எதிராக அது காட்டுகிறது. வாயுவாகிய பிராணவாயு மறைந்து திடப்பொருளாவதால் என்ட்ரோபி குறைகிறது. ஆகையால் உலோகங்களின் கோடுகள் மேல்நோக்கிச் சாய்கின்றன. கரி மட்டும் பிராணவாயுவின் ஒரு பங்கை ஏற்றுக் கார்பன் மோனாக்ஸைடின் இரு பங்குகளைத் தருவதால், அதன் கோடு கீழ்நோக்கி இறங்கி, இரும்பின் கோட்டை ஏறத்தாழ 700 டிகிரியிலும், துத்தநாகத்தின் கோட்டை ஏறத்தாழ 950 டிகிரி சென்டிகிரேடிலும் கடந்து செல்கிறது. கீழே இருக்கும் கோட்டுக்குரிய பொருள், மேலே இருக்கும் கோட்டுக்குரிய ஆக்ஸைடை ஒடுக்கும் என்பதே இதைப் படிக்கும் முறை. அலுமினியத்தின் கோட்டைக் கரி எட்டுவதற்கு 2000 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணம் வேண்டும். அலுமினியத்தைப் பிரித்தெடுக்க ஹாலும் ஹெரூவும் 1886-இல் மின்சாரத்தின் துணையை நாடியது எவ்வளவு பொருத்தமானது என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் இவ்வளவோடு நின்றுவிடுகிறவன் வரைபடத்தின் பாதியையே படித்தவனாவான். ஆவியாகவோ வாயுவாகவோ இருக்கும் பொருள் ஒவ்வொன்றும் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் இருப்பதாகவும், திடப்பொருள்களும் திரவங்களும் கலப்பற்றவை என்றும் வைத்துக்கொண்டே அக்கோடுகள் வரையப்பட்டிருக்கின்றன. உலைக்குள் அந்த நிபந்தனைகள் அபூர்வமாகவே நிலவும். அவற்றை வேண்டுமென்றே மீறுவதில்தான் எங்கள் தொழிலின் நுட்பமெல்லாம் அடங்கியிருக்கிறது.

மக்னீஷியத்தைப் பாருங்கள். 1200 டிகிரியில் அதன் கோடு சிலிக்கனின் கோட்டுக்கு வெகு கீழே இருப்பதால், சிலிக்கனைக் கொண்டு அதன் ஆக்ஸைடாகிய மக்னீஷியாவை ஒடுக்க இயலாது என்றே வரைபடத்தைப் பார்த்த எவரும் சொல்வர். கரியால் ஒடுக்கலாம், ஆனால் அதற்கு வேண்டிய, 1800 டிகிரியையும் கடந்த உஷ்ணத்தில் மக்னீஷிய ஆவியும் கார்பன் மோனாக்ஸைடும் ஒருங்கே எழுந்து, குளிரும் வழியில் மீண்டும் வினைபுரிந்து, பெற்ற உலோகத்தை ஆக்ஸைடாகவே திருப்பித் தந்துவிடும். கனடாவின் பிட்ஜன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இச்சிக்கலை அவிழ்த்த விதத்தை நான் எத்தனை முறை எண்ணினாலும் வியப்படைகிறேன். சுட்ட டோலமைட்டையும் பெர்ரோசிலிக்கனையும் பொடித்துக் கட்டிகளாக்கி, உருக்குக் குழாய்களில் இட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஏறத்தாழ 1200 டிகிரிக்குச் சூடேற்றினார். டோலமைட்டிலுள்ள சுண்ணாம்பு, பிறக்கும் சிலிக்காவைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு அதன் வீரியத்தைத் தணிக்கிறது. வெற்றிடமோ மக்னீஷிய ஆவியை எழுந்த மாத்திரத்தில் குழாயின் குளிர்ந்த முனைக்கு இழுத்துச் சென்று படிய வைக்கிறது. மக்னீஷியத்தைத் தவிர வேறு வாயு இவ்வினையில் பிறவாததால் மீள்வினைக்கு இடமே இல்லை. இரண்டு கோடுகளையும் அவர் கையால் பிடித்து இடம் மாற்றினார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இராஜஸ்தானத்து ஜாவரில் துத்தநாகம் வடித்தவர்கள், இத்தகைய கணக்குகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, எழும் ஆவியை உடனே விலக்கிக் குளிர்விக்க வேண்டும் என்னும் உண்மையைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்கள். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிப்பதால், ஒடுங்கும் தருணத்திலேயே ஆவியாகிவிடும். அவர்கள் கத்தரிக்காய் வடிவக் களிமண் கலங்கள் 36-ஐ ஓர் உலையில் தலைகீழாக நிறுத்தி, ஆவி காற்றோடு சேராமல் கீழ்நோக்கி இறங்கிக் குளிருமாறு செய்தார்கள். பிரிஸ்டலில் வில்லியம் சாம்பியன் துத்தநாகம் வடிக்கும் முறைக்கு உரிமை பெற்றது 1738-இல்தான்.

வரைபடத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. வினையின் வேகத்தைப் பற்றி அது எதுவும் கூறாது; தாதுவின் துளைகளில் வாயு நுழைவதும், பரப்பில் படியும் ஏடு வழியை அடைப்பதும் வேறொரு சாஸ்திரத்தின் விஷயங்கள்.

உலோகவியல் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களை மாணவர்கள் மனப்பாடம் செய்தால் போதுமென்று விட்டுவிடாமல், வாயுக்களின் அழுத்தத்தைப் பத்திலொரு பங்காகவும் நூற்றிலொரு பங்காகவும் குறைத்து, அதே கோடுகளை அவர்கள் தம் கையாலேயே மறுபடி வரைந்து பார்க்கும்படி செய்யுங்கள்.